ஃபார்ச்சூனரா, எண்டவரா, குளோஸ்டரா? பெரிய எஸ்யூவிகளின் வசதியையும் ரீசேல் விலையையும் ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சொந்தக்காரர், நண்பர், நண்பரின் மச்சான் என்று ஒன்பது பேருக்கு இந்த ரக வண்டி பார்க்கக் கூடவே அலைந்திருக்கிறேன். புது வண்டி நாலு, பழைய வண்டி ஐந்து. ஒன்பது பேரும் ஒரே இடத்தில்தான் சறுக்கினார்கள்: முதலில் டெஸ்ட் டிரைவ், அப்புறம் கணக்கு. அந்த உயரத்தில் உட்கார்ந்து அவிநாசி ரோட்டில் ஒரு ரவுண்டு போய்விட்டு வந்தவரிடம் எந்தக் கணக்கும் எடுபடாது. மனசு முடிவு பண்ணிவிடும், கால்குலேட்டர் அதற்கு ஆமாம் போடும்.

அதனால் இங்கே டெஸ்ட் டிரைவ் பத்தாவது படியாக வருகிறது. வரிசையை மாற்ற வேண்டாம்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு இஞ்ச் டேப், ஒரு நோட்டு, இப்போது ஓட்டும் வண்டியின் கடைசி இரண்டு சர்வீஸ் பில். இவ்வளவுதான்.

சர்வீஸ் பில் எதற்கென்றால், அதில் கிலோமீட்டர் இருக்கும். "வருஷத்துக்கு முப்பதாயிரம் ஓட்டுவேன்" என்று சொன்ன ஒருவரின் பில்லைப் பார்த்தால் பதினொன்றாயிரம்தான் ஓடியிருந்தது. டீசலா பெட்ரோலா என்பதில் தொடங்கி எத்தனை வருஷம் வைத்திருப்பது என்பது வரை எல்லாமே இந்த எண்ணில்தான் நிற்கிறது. இதில் பொய் வந்தால் பின்னால் வரும் எல்லாமே பொய்.

இஞ்ச் டேப் உங்கள் வீட்டு போர்டிகோவுக்கு. டொயோட்டா ஃபார்ச்சூனரின் நீளம் 4,795 மில்லிமீட்டர், ஃபோர்டு எண்டவர் 4,903, எம்ஜி குளோஸ்டர் 4,985. என் சித்தப்பா பையன் வீட்டு போர்டிகோ கேட்டிலிருந்து சுவர் வரை சரியாகப் பதினாறு அடி, அதாவது 4,877 மில்லிமீட்டர். ஃபார்ச்சூனரை நிறுத்தினால் எட்டு சென்டிமீட்டர் மிச்சம். எண்டவர் இரண்டரை சென்டிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கேட் சாத்தாது. மூன்று வாரம் வசதிப் பட்டியலை அலசிய பிறகு இதைக் கண்டுபிடித்தோம்! அகலத்தையும் அளந்து பாருங்கள். குளோஸ்டர் 1,926 மில்லிமீட்டர், அதுவும் கண்ணாடியைச் சேர்க்காமல். கதவைத் திறந்து இறங்க இரண்டு பக்கமும் இடம் வேண்டும்.

நோட்டில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். போன வருஷம் ஆறு பேருக்கு மேல் ஏறிய நாள் எத்தனை? மண் ரோடு, எஸ்டேட் ரோடு, தோட்டத்துச் சேறு எத்தனை நாள்? வண்டியை எத்தனை வருஷத்தில் விற்பதாக எண்ணம்? மூன்றாவது கேள்விக்கு "தெரியல" என்று எழுதுபவர்களுக்கு ஐந்து வருஷம் என்று நானே போட்டுவிடுவேன்.

2. ஒரே ரகத்தை மட்டும் எதிரெதிரே வையுங்கள்

ஷோரூமில் ஏழு சீட் என்றாலே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக் காட்டுவார்கள். ஃபார்ச்சூனர், எண்டவர், குளோஸ்டர், மஹிந்திரா அல்டுராஸ் ஜி4 ஆகியவை லாரி மாதிரி தனிச் சட்டத்தின் மேல் பாடி உட்காரும் வண்டிகள் (எண்டவரும் அல்டுராஸும் இப்போது பழசாக மட்டும்தான் கிடைக்கும், காரணம் எட்டாம் படியில்). ஸ்கோடா கோடியாக், ஜீப் மெரிடியன் இரண்டும் கார் மாதிரி பாடியே சட்டமாக இருப்பவை. பின்னவை ரோட்டில் அடங்கி ஓடும், ஏறி இறங்கவும் எளிது. முன்னவை மேடு பள்ளத்தில் அடி வாங்கித் தாங்கும், ஆனால் பின்சீட்டில் கொஞ்சம் துள்ளும். இரண்டு ரகத்துக்கும் பழைய வண்டிச் சந்தையில் வாங்குபவர் வேறு ஆட்கள். அதனால் ரீசேலை நேருக்கு நேர் ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் கிடைக்கும்.

அடுத்து, ஒரே பெயரில் வெவ்வேறு வண்டிகள் இருக்கின்றன. இதைப் பிரிக்காமல் விலை கேட்டால் ஆளாளுக்கு ஒரு விலை சொல்வார்கள், நீங்கள் குழம்புவீர்கள்.

ஃபார்ச்சூனரின் இப்போதைய உருவம் 2016 நவம்பரில் வந்தது. 2.8 லிட்டர் டீசல் அப்போது 177 குதிரைத் திறன். 2021 ஜனவரியில் முகம் மாறியபோது அதே எஞ்சின் 204 ஆனது. ஆட்டோமேட்டிக்கில் டார்க் (எஞ்சினின் இழுவிசை) 500 நியூட்டன் மீட்டர், மேனுவலில் 420. லெஜண்டர் என்ற ஃபார்ச்சூனர் மாடல் வந்ததும் அப்போதுதான். ஆகவே 2020 டிசம்பர் வண்டிக்கும் 2021 பிப்ரவரி வண்டிக்கும் இரண்டு மாதம்தான் வித்தியாசம், விலையில் ஒரு தலைமுறை வித்தியாசம்.

எண்டவரில் மூன்று எஞ்சின். 2016-ல் 2.2 லிட்டரும், ஐந்து சிலிண்டர் 3.2 லிட்டரும் வந்தன. 3.2-க்கு 200 குதிரைத் திறன், 470 நியூட்டன் மீட்டர். 2020-ல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது இரண்டையும் எடுத்துவிட்டு 2.0 லிட்டரும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கும் கொடுத்தார்கள், 170 குதிரைத் திறன். 3.2-ஐத் தேடித் தேடி வாங்கும் ஒரு கூட்டம் இன்றும் உண்டு.

குளோஸ்டர் 2020 அக்டோபரில் வந்தது. 2.0 டீசல்தான், ஆனால் ஒற்றை டர்போவுக்கும் இரட்டை டர்போவுக்கும் திறனில் ஐம்பது குதிரைக்கு மேல் வித்தியாசம். "குளோஸ்டர் என்ன விலை" என்று கேட்காதீர்கள். எந்த டர்போ, டூ வீல் டிரைவா ஃபோர் வீல் டிரைவா என்று சொல்லிக் கேளுங்கள்.

3. வசதிகளை மூன்று கட்டமாகப் பிரியுங்கள்

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டம், உயிருக்கும் உடம்புக்கும் வேண்டியவை. இரண்டாவது, அடுத்த ஓனர் காசு கொடுப்பவை. மூன்றாவது, உங்கள் சந்தோஷத்துக்கு மட்டும்.

பெரும்பாலான வசதி மூன்றாவது கட்டத்தில்தான் விழும். குளோஸ்டரில் டிரைவர் சீட்டே முதுகுக்கு மசாஜ் பண்ணும், பனோரமிக் சன்ரூஃப் உண்டு, முன்னால் வண்டி வந்தால் தானாக பிரேக் போடும் ஏடாஸ் உண்டு. ஃபார்ச்சூனரில் சன்ரூஃப் கிடையாது. வசதிப் பட்டியலை மட்டும் வைத்து மார்க் போட்டால் ஃபார்ச்சூனர் தோற்கும். ஆனால் ஐந்து வருஷம் கழித்து விற்கப் போகும்போது அந்தப் பட்டியலை யாரும் கேட்பதில்லை. புரோக்கர் கேட்பது ஐந்தே கேள்வி: எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், ஆட்டோவா மேனுவலா, கம்பெனி சர்வீஸா?

என் அனுபவத்தில் இரண்டாவது கட்டத்துக்குள் வருபவை குறைவு. ஆட்டோமேட்டிக் கண்டிப்பாக வரும். ஃபோர் வீல் டிரைவ் ஊரைப் பொறுத்தது. ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை பக்கம் அதற்கென்றே கேட்டு வருவார்கள். சமவெளியில் புது வண்டியில் நீங்கள் கொடுத்த கூடுதல் லட்சங்களில் பாதிகூடத் திரும்பாது. வெள்ளை நிறம் வரும். டீசல் வரும். ஃபார்ச்சூனர் பெட்ரோல் 2.7 லிட்டர் ஓட்ட அருமையான வண்டிதான். ஆனால் டூ வீல் டிரைவில் மட்டும்தான் கிடைக்கிறது, தமிழ்நாட்டில் விற்கும்போது ஆள் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது கட்டத்தில் இருப்பதை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மதுரை-சென்னை வாரம் ஒருமுறை ஓட்டுபவருக்கு அந்த முதுகுச் சீட் தேவைதான். அது செலவு என்று தெரிந்து வாங்குங்கள். "ரீசேல்ல வந்துடும்ணா" என்று சேல்ஸ் பையன் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், அலாய், லைட் பார், லெதர் கவர் எல்லாம் மூன்றாவது கட்டத்துக்கும் கீழே. ஒயரிங்கை வெட்டி லைட் போட்ட வண்டி என்றால் விலை குறையவே செய்யும்.

4. மூன்றாம் வரிசையில் பெரியவர்களை உட்கார வையுங்கள்

வண்டியை ஓட்டாமல் ஷோரூமில் நிற்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டிலிருந்து யாராவது பெரியவரை அழைத்துப் போங்கள். நான் என் அத்தையைத்தான் கூட்டிப் போவேன். அறுபத்தெட்டு வயசு, முழங்கால் வலி, மனசில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவார்.

ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், "ஏண்டா, முட்டி தாடையில இடிக்குது, இதுல பழனி வரைக்கும் எப்படிடா வர்றது?" என்றார். சீட்டுக்கும் தரைக்கும் உயரம் குறைவாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொள்ளும். சட்டத்தின் மேல் பாடி உட்காரும் வண்டிகளில் தரை உயரம் என்பதால் இது பொதுவான குறை. உயரமான படியைப் பிடித்து ஏற முடிகிறதா, நடு சீட்டை மடக்கி நுழைய முடிகிறதா, ஏசி காற்று மேலிருந்து கடைசி வரிசைக்கு வருகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லட்டும்.

மடக்குவதையும் பாருங்கள். ஃபார்ச்சூனரில் கடைசி சீட் இரண்டு பக்கமும் மேலே தூக்கிக் கட்டுவது. சீட்டைப் பயன்படுத்தாதபோதும் டிக்கியின் அகலத்தை அது தின்றுவிடும், பக்கக் கண்ணாடியையும் மறைக்கும். எண்டவர் டாப் மாடலில் பட்டனை அழுத்தினால் கடைசி வரிசை தரையோடு படுத்துக்கொள்ளும். அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை ஏற்றுபவர்களுக்கு இந்த வித்தியாசம் தினமும் தெரியும்.

முதல் படியில் "ஆறு பேருக்கு மேல் ஏறிய நாள்" என்று எழுதினீர்களே, அது பத்துக்குக் கீழே என்றால் மூன்றாம் வரிசைக்கு ஒப்பீட்டில் மார்க்கே போடாதீர்கள். அந்தப் பத்து நாளுக்கு வாடகை இன்னோவா சொல்லிக்கொள்ளலாம்.

5. ஷோரூம் விலையை மறந்துவிட்டு ஆன்-ரோடு விலையை எழுதுங்கள்

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரியும் இன்சூரன்ஸும் சேர்த்து வண்டி ரோட்டுக்கு வரும் விலைதான் ஆன்-ரோடு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வரிப்படி 20 லட்சத்துக்கு மேலான காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். 42 லட்சம் ரூபாய் வண்டிக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் சாலை வரிக்கே போகிறது. வண்டியை விற்றால் இது உங்கள் கைக்குத் திரும்பாது. அதனால் ரீசேல் சதவீதத்தை எக்ஸ்-ஷோரூமை வைத்துச் சொல்லும் எந்தப் பேச்சையும் நம்ப வேண்டாம். நீங்கள் கொடுத்தது ஆன்-ரோடு.

10 லட்சத்துக்கு மேலான வண்டிக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரியில் கழிந்துவிடும், செலவுக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஷோரூமில் தரும் இன்சூரன்ஸைத் தவிர வெளியே இன்னொரு கொட்டேஷன் வாங்குங்கள். ஆக்சசரீஸ் பேக்கேஜைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

6. ரீசேல் விலையை விற்பவராகப் போய்க் கேளுங்கள்

ஒன்பது பேரில் ஒருவர்கூடத் தாமாகச் செய்யாத படி இது. எல்லோரும் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்த்து, "அஞ்சு வருஷ வண்டிக்கே இவ்வளவு போகுதே" என்று மகிழ்ந்துபோகிறார்கள். அது கேட்கும் விலை. அதில் டீலரின் லாபம், பாலிஷ் போட்ட செலவு, பேரத்துக்கு விட்ட இடம் எல்லாம் அடங்கியிருக்கிறது. உங்கள் கைக்கு வரப்போவது அதற்கு ஒரு படி கீழே இருக்கும் விலை.

செய்ய வேண்டியது இதுதான். நீங்கள் வாங்க நினைக்கும் அதே மாடல், ஐந்து வருஷ வயசு, 60,000 கிலோமீட்டர், முதல் ஓனர் என்று வைத்துக்கொண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். பழைய கார் வாங்கி விற்கும் டீலர் ஒருவர், கம்பெனி ஷோரூமின் எக்ஸ்சேஞ்ச் பிரிவு, உங்கள் ஊர் புரோக்கர் ஒருவர். அப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அவரையே கூட்டிப் போங்கள், உண்மையான விலை வரும். என் மச்சானின் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது புரோக்கர் பேனட்டைக்கூடத் திறக்கவில்லை. பின்சக்கரத்துக்கு மேலே விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு ஆர்சியைக் கேட்டார். "எழுபதாயிரம் தாண்டலைல? நாளைக்கே பார்ட்டி இருக்குங்க."

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். விலையோடு, எத்தனை நாளில் விற்கும் என்றும் கேளுங்கள். ஃபார்ச்சூனருக்கு இங்கே "நாளைக்கே" என்பார்கள். வேறு சிலவற்றுக்கு "போட்டு வைங்க, பாக்கலாம்" என்பார்கள். "பாக்கலாம்" என்றால் இரண்டு மூன்று மாதம். அதற்குள் அவசரம் வந்தால் இன்னும் ஒரு லட்சம் இறங்கும்.

மூன்று விலையில் நடுவில் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளது ஆசை காட்டும் விலை, கீழே உள்ளது உங்கள் அவசரத்தை எதிர்பார்க்கும் விலை.

7. சதவீதத்தை விட்டு ரூபாயில் கணக்குப் போடுங்கள்

"இந்த வண்டி அறுபது சதவீதம் நிக்கும்" என்ற பேச்சு காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். பையிலிருந்து போவது ரூபாய்.

ஒரு மாதிரிக் கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்தவை, உங்கள் எண்களைப் போட்டு மறுபடி செய்யுங்கள். முதல் வண்டி ஆன்-ரோடு 55 லட்சம், ஐந்து வருஷத்தில் 33 லட்சத்துக்குப் போகிறது. நஷ்டம் 22 லட்சம். இரண்டாவது வண்டி 48 லட்சம், 22 லட்சத்துக்குப் போகிறது. நஷ்டம் 26 லட்சம். முதல் வண்டி நாலு லட்சம் லாபம் என்று தோன்றும்.

இப்போது, முதல் வண்டிக்குக் கூடுதலாகப் போட்ட 7 லட்சத்துக்கு வட்டி பாருங்கள். ஒன்பது சதவீதம் தனிவட்டி, ஐந்து வருஷம், 3 லட்சத்து 15 ஆயிரம். நாலு லட்ச லாபத்தில் மிஞ்சுவது 85 ஆயிரம். ரீசேலுக்காகவே விலை கூடிய வண்டியை வாங்கியவர் ஐந்து வருஷம் சன்ரூஃப் இல்லாமல் ஓட்டிச் சம்பாதித்தது மாதம் 1,400 ரூபாய்.

மூன்றாவது ஒரு வரியையும் எழுதுங்கள்: இரண்டாவது வண்டியையே மூன்று வருஷப் பழசாக 30 லட்சத்துக்கு வாங்கி, ஐந்து வருஷம் ஓட்டி 14 லட்சத்துக்கு விற்றால் நஷ்டம் 16 லட்சம். ரீசேல் சரியும் வண்டியைப் புதிதாக வாங்குவதுதான் தண்டம். அதே சரிவு பழசாக வாங்குபவருக்குத் தள்ளுபடி. ரீசேல் குறையாத வண்டிக்கு இந்தக் கணக்கு தலைகீழ். மூன்று வருஷ ஃபார்ச்சூனருக்கும் புதுசுக்கும் விலை இடைவெளி அவ்வளவு சின்னது, பல நேரம் புதுசே வாங்கிவிடலாம் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன்.

மைலேஜுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வருஷம் 12,000 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்குப் பத்துக்கும் பதினொன்றுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 110 லிட்டர் டீசல், பத்தாயிரம் ரூபாய். ரீசேலில் ஆடும் தொகைக்கு முன்னால் அது தூசு. டயருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள், 18 இஞ்ச், 19 இஞ்ச் டயர் நாலு மாற்றினால் ஐம்பதாயிரத்தைத் தாண்டும்.

கம்பெனி பெயரில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வருமான வரியில் காருக்கு வருஷம் 15 சதவீதம் தேய்மானம் கழித்துக்கொண்டே வருவீர்கள். 50 லட்சம் ஐந்து வருஷத்தில் புத்தகத்தில் சுமார் 22.2 லட்சம் ஆகிவிடும். வண்டியை 30 லட்சத்துக்கு விற்றால் இடையிலுள்ள 7.8 லட்சத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 1.4 லட்சம் கட்ட வேண்டும். ரீசேல் நன்றாக நிற்கும் வண்டியில்தான் இது வந்து இடிக்கும். விலை பேசும் முன் ஆடிட்டருக்கு ஒரு போன் போடுங்கள்.

8. கணக்கைக் கவிழ்க்கும் வெளிக் காரணங்கள்

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. எண்டவர் நம்ம மறைமலைநகரிலேயே தயாரான வண்டி. வண்டியில் ஒரு குறையும் புதிதாக முளைக்கவில்லை, சர்வீஸும் தொடர்ந்தது, ஆனாலும் விலை பேசும் தொனி மாறிவிட்டது. அல்டுராஸும் 2022-ல் நின்றது. ஆகவே ஒப்பிடும்போது மாடலின் வயசைக் கேளுங்கள். விற்பனை மெலிந்து, அடுத்த தலைமுறை வரும் பேச்சும் இல்லாத வண்டி என்றால் ஏழாம் படியில் போட்ட ரீசேல் விலையிலிருந்து இரண்டு மூன்று லட்சம் குறைத்து எழுதிப் பாருங்கள். அப்போதும் கணக்கு சரியாக வந்தால் வாங்கலாம்.

அடுத்தது வரி. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு வரை இந்த ரக வண்டிகளுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்த்து 50 சதவீதம். அன்றிலிருந்து 40. கணக்குப்படி 45 லட்சம் இருந்த எக்ஸ்-ஷோரூம் 42 லட்சமாகிறது. புது வண்டி மூன்று லட்சம் இறங்கினால் பழைய வண்டி ஏறியா நிற்கும்? இன்றும் சிலர் பழைய பில்லைக் காட்டி, "நான் குடுத்த விலை இது" என்கிறார்கள். அந்த பில்லை மடித்து உள்ளே வைக்கச் சொல்லுங்கள். பேச்சு இன்றைய ஆன்-ரோடு விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்சூரன்ஸில் போடும் ஐடிவியை (பாலிசியில் வண்டிக்குக் குறிக்கும் மதிப்பு) ரீசேல் விலை என்று நினைப்பது இன்னொரு தப்பு. அது அட்டவணைப்படி இறங்குவது: மூன்றாம் ஆண்டில் 30 சதவீதம், நாலாம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. ஃபார்ச்சூனர் மாதிரி விலை நிற்கும் வண்டியில் சந்தை விலை இதைவிட நன்றாக மேலே இருக்கும். வண்டி திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ கிடைப்பது ஐடிவிதான். ஐநூறு ரூபாய் பிரீமியம் மிச்சம் பிடிக்க ஐடிவியைக் குறைத்துப் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

9. பழைய வண்டி என்றால்: முதலில் பேப்பர், பிறகு இரும்பு

வண்டி அழகாக இருந்து பேப்பர் கெட்டால் சரிசெய்ய முடியாது. அதனால் பேப்பர் முதலில்.

எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் நம்பரைப் போட்டு எத்தனையாவது ஓனர், வங்கிக் கடன் பதிவு, இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். அபராத பாக்கியை இ-சலான் தளத்தில் பாருங்கள். தயாரித்த மாதம் ஆர்சியில் இருக்கும். பதிவு ஜனவரி, தயாரிப்பு முந்தின வருஷம் ஏப்ரல் என்றால் சந்தை முந்தின வருஷமாகத்தான் எண்ணும்.

பிஒய் (புதுச்சேரி) பதிவு, டிஎல் (டெல்லி) பதிவு வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் அங்கே பதிந்தவை. டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதிலிருந்து அங்கிருந்து தெற்கே அனுப்பப்படுபவை இன்னொரு கூட்டம். வெளி மாநில வண்டி இங்கே 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு, தமிழ்நாட்டு வரி, என்ஓசி (தடையில்லாச் சான்று) எல்லாம் வரும். மலிவு விலையோடு இந்த வரியைக் கூட்டிய பிறகு டிஎன் வண்டியோடு ஒப்பிடுங்கள். பாதி நேரம் ஒன்றும் மிஞ்சாது.

கிலோமீட்டரைத் திருப்புவது சர்வ சாதாரணம். நாங்கள் பார்த்த ஒரு வண்டியில் மீட்டர் 58,000 காட்டியது. பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் பளபளத்தது. நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸில் கேட்டால் இரண்டு வருஷம் முன்பே 91,000. டீலர் அசரவில்லை. "மீட்டர் மாத்தினதுங்க, சொல்ல மறந்துட்டேன்."

இனி இரும்பு. குனிந்து அடியில் பாருங்கள். சட்டத்தில் வளைவு, புது வெல்டிங், திடீரென்று ஒரு இடத்தில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் இருந்தால் நடையைக் கட்டுங்கள். டிங்கரிங் பண்ணிய கதவை மன்னிக்கலாம், வளைந்த சட்டத்தை மன்னிக்க முடியாது.

சென்னை வண்டி என்றால் வெள்ளம் பார்த்ததா என்று தேட வேண்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. எண்டவர் 800 மில்லிமீட்டர் தண்ணீரில் ஓடும் என்று கம்பெனி சொன்னது. ஓடிக் கடப்பது வேறு, இரண்டு நாள் ஊறிக் கிடப்பது வேறு. சீட்டையும் கார்ப்பெட்டையும் மாற்றிவிடுவார்கள், சீட் பெல்ட்டை மாற்ற மாட்டார்கள். பின்சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உருளைக்குள் சுற்றிக் கிடந்த பகுதியில் கோடு போட்ட மாதிரி செம்மண் கறை இருந்தால் அந்த உயரம் வரை தண்ணீர் நின்றிருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவையும் பாருங்கள்.

10. இப்போது டெஸ்ட் டிரைவ்

மிஞ்சியிருப்பது இரண்டு வண்டிதான் என்னும்போது ஓட்டுங்கள். ஒரே நாளில், ஒரே ரோட்டில், வீட்டு ஆட்கள் நாலு பேரை ஏற்றிக்கொண்டு. வெறும் வண்டி துள்ளும், ஆள் ஏறினால் அடங்கும். நாலு பேர் ஏறியும் துள்ளினால் பின்சீட்டில் இருப்பவரே சொல்வார். வேகத்தடை, யூ-டர்ன், உங்கள் தெரு முனை மூன்றும் அதில் வர வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் பழைய வண்டி என்றால் மண் தரையில் நிறுத்தி லோ ரேஞ்ச் (சேறு, ஏற்றத்துக்கான மெதுவான, இழுவை கூடிய கியர்) போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டு இறுகிப் போனவை உண்டு. போட்டுக் காட்டத் தயங்கினால் அதை டூ வீல் டிரைவ் விலைக்குப் பேசுங்கள்.

11. பணம் கைமாறும் நாள்

விற்பவரிடம் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கி, ஆர்டிஓ வேலையை அன்றே தொடங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் வங்கியின் என்ஓசியும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கையில் வந்த பிறகுதான் மீதிப் பணம். "கடன் எப்பவோ முடிஞ்சது, எழுதி வாங்கல அவ்வளவுதான்" என்பவரிடம் எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள், ஒரு வாரம் தாமதமானாலும் பரவாயில்லை.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

நீங்கள் விற்பவராக இருந்தால் ஃபாஸ்டேக்கை அன்றே முடக்கிவிட்டு, கண்ணாடியிலிருந்து கிழித்துப் போடுங்கள். என் மச்சான் மறந்துவிட்டார். வண்டியை வாங்கியவர் பெங்களூருக்கு வாரம் இரண்டு தடவை போகிறவர். ஒரு மாதம் நடுராத்திரியில் கிருஷ்ணகிரி டோல் மெசேஜ் இவர் போனுக்கு வந்துகொண்டே இருந்தது, இவர் கணக்கில் பணமும் போய்க்கொண்டே இருந்தது.